புதுப்பிப்பு: மேலாளரிடம் நேரடியாகக் கேட்டுவிட்டேன்

பெங்களூரில் அல்சூரிலிருந்து ஒயிட்ஃபீல்டுக்கு நாள்தோறும் சென்றுவரும் நான், வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே பணியாற்ற விரும்புவதை மேலாளரிடம் ஈராண்டுகளாகச் சாடைமாடையாகவே சொல்லிவருவதாகச் சென்ற மாதம் எழுதியிருந்தேன். திங்களன்று, எந்த நாள்கள், எந்தப் பணிகள் என்று குறிப்பிட்டு நேரடியாகக் கேட்டேன், உடனே ஒப்புக்கொண்டார். மெட்ரோ நெரிசலைப் பற்றிய என் புலம்பல்களை அவர் வெறும் பேச்சென்றே எண்ணியிருக்கிறார்!

அந்தத் துணிச்சலில், வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வந்த வீட்டு உரிமையாளரிடமும், 2021ஆம் ஆண்டின் மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புகளுக்கு இரண்டு மாத வாடகையையே முன்பண வரம்பாகக் கூறுவதை எடுத்துக்காட்டி, பத்து மாத அட்வான்ஸைக் குறைக்கக் கேட்டேன். மாநிலம் ஏற்காதவரை மாதிரிச் சட்டம் எவரையும் கட்டுப்படுத்தாது என்பதை அவரும் அறிந்திருந்தார். இருப்பினும் ஆறு மாதத்துக்கு இறங்கிவந்தார்.