உதவி: அப்பாவின் காது மெஷின் விசில் அடிக்குது, செல் சீக்கிரம் தீருது (பாலக்கோடு)

பாலக்கோடு_தக்காளி
வணக்கம். அப்பாவுக்கு வயசு 68. ஆடியோகிராமில் (காது கேட்கும் திறனைப் பாக்கிற சோதனை) வலது காதில் இழப்பு 75 டெசிபல், இடது 80. வலது காதுக்கு மட்டும், காதுக்குப் பின்னால் மாட்டும் டிஜிட்டல் மெஷின் போட்டிருக்கார். 675 நம்பர் செல் (பேட்டரி). காதுக்குள்ள பொருந்துற மாதிரி அளவெடுத்துச் செய்த மோல்டு, ரெண்டு வருஷம் ஆச்சு. பிரச்சினை நாலு:
1. கன்னம் அசைஞ்சா, சாப்பிட்டா விசில். வால்யூம் குறைச்சா நிக்குது, ஆனா பேச்சு கேக்கல.
2. முன்னே ரெண்டு வாரம் வந்த செல் இப்போ அஞ்சு நாள்தான்.
3. சில நேரம் பேச்சே கேக்காம, மோட்டார் ரூம் பக்கம் போனா மட்டும் ‘ம்ம்ம்’னு இரைச்சல்.
4. மண்டியில் ரேட் மாத்திக் கேக்குது. அறுநூறு எழுநூறா ஆயிடுது.
மெஷினே போச்சு, புதுசு வாங்குங்கன்னு சொல்றாங்க. வாங்கணுமா?

கிருஷ்ணகிரி_ஒலி
இப்பவே வாங்காதீங்க. நீங்க சொன்னதில் மெஷின் கெட்டதுக்கான அடையாளம் ஒண்ணுமில்ல.

விசில்ங்கிறது கசிவு. காதுக்குள்ள போக வேண்டிய சத்தம் வெளியே வந்து மைக்கில் திரும்ப நுழையுது. எங்க கசியுதுன்னு விரலாலேயே கண்டுபிடிக்கலாம். மெஷினைக் கழட்டி, ஆன்லயே வெச்சு, வழக்கமான வால்யூமில் கையில் பிடிங்க.

முதல் சோதனை: மோல்டின் முனையில் சத்தம் வர்ற ஓட்டையை விரலால் இறுக்கி அடைங்க. விசில் நின்னா மெஷினும், அதை மோல்டோட இணைக்கிற ட்யூபும் நல்லா இருக்கு. மோல்டு காதில் சரியா உக்காரல, இல்லேன்னா காதில் குரும்பி அடைச்சிருக்கு. நிக்கலேன்னா ரெண்டாவது சோதனை: ட்யூபை ஹூக்கிலிருந்து (மெஷினின் மேல்முனையில் காதில் மாட்டுற வளைவு) உருவிட்டு, ஹூக் முனையை அடைங்க. இப்போ நின்னா ட்யூபிலோ மோல்டிலோ விரிசல். அப்பவும் அடிச்சா ஹூக் லூசு, இல்லே மெஷினுக்குள்ளேயே கசிவு. அது ஒண்ணுதான் சர்வீஸுக்குப் போகணும்.

வால்யூமைக் குறைக்கிறது தீர்வே இல்ல. 75 டெசிபல் இழப்புக்கு வெச்ச சத்தத்தைக் குறைச்சா, அவர் காதில் இருக்கிறது வெறும் பிளாஸ்டிக். பல வீட்டில் மெஷின் அலமாரிக்குப் போறது இப்படித்தான்.

மூணாவது பிரச்சினைக்குக் காரணம் ‘டெலிகாயில்’, மெஷினுக்குள்ள இருக்கிற ஒரு சின்னக் கம்பிச் சுருள். புரோகிராம் பட்டனில் ஒண்ணு ‘டி’யா செட் பண்ணியிருப்பாங்க. அதில் மைக் அணைஞ்சு, காந்த அலையை மட்டும் மெஷின் எடுக்கும். மோட்டார், ஸ்டெபிலைசர், பழைய ட்யூப்லைட் சோக் பக்கத்தில் ‘ம்ம்ம்’னு வரும், ஆள் பேச்சு வராது. துண்டைத் தோளில் போடும்போது பட்டன் அழுந்தியிருக்கலாம். மறுபடி அழுத்தினா மாறும். அப்பா அந்த புரோகிராமைப் பயன்படுத்தலேன்னா ஆடியாலஜிஸ்டிடம் (காது சோதிச்சு மெஷினை அமைக்கிறவர்) சொல்லி எடுத்துடுங்க.

அரூர்_சிறப்பாசிரியர்
செல் பத்தி. இது ஜிங்க்-ஏர், காத்து பட்டாத்தான் வேலை செய்யும். ஸ்டிக்கரைப் பிரிச்சு ரெண்டு மூணு நிமிஷம் வெளியே வெச்சுட்டு அப்புறம் போடுங்க. உடனே மூடினா வோல்டேஜ் முழுசா ஏறாது. ஸ்டிக்கர் பிரிஞ்ச செல் மெஷினில் இல்லேன்னாலும் தீர்ந்துக்கிட்டே இருக்கும், திரும்ப ஒட்டினா பயனில்ல. ராத்திரி செல் கதவைத் திறந்து வைங்க. ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம், ஈரம் கோத்துக்கும். அட்டையில் காலாவதி தேதி பாருங்க, கடையில் பழைய சரக்கு நிறையக் கிடக்குது. ஓயாம விசில் அடிச்சாலும் செல் வேகமாத் தீரும், அதனால் முதல் பிரச்சினை சரியானா ரெண்டாவதும் கொஞ்சம் குறையும். பேரப்பிள்ளைங்க இருந்தா கவனம். செல்லை முழுங்கினா தொண்டையும் குடலும் புண்ணாகும், உடனே ஆஸ்பத்திரி போகணும்.

மண்டி ரேட் விஷயம் மெஷினால் மட்டும் தீராது. அறுநூறு, எழுநூறு, எண்ணூறு மூணுக்கும் வால் ஒண்ணு. ஏலச் சத்தத்தில் அவருக்குக் கேக்கிறது அந்த ‘நூறு’ மட்டும்தான், தலை காணாமப் போகுது. எதிராளி ‘ஆறு, சைபர், சைபர்’னு தனித்தனியாச் சொல்லட்டும். ஆறுக்கு வாய் அகலத் திறக்கும், ஏழுக்கு உதடு பக்கவாட்டில் இழுபடும், கண்ணாலேயே பிரிச்சுக்கலாம். அதோட கால்குலேட்டரில் அடிச்சுக் காட்டச் சொல்லுங்க. காசு விஷயத்தை ஒருபோதும் காதுக்கு மட்டும் விடாதீங்க.

வீட்டில் எல்லாருக்கும்: மூணு நாலு அடிக்குள்ள, முகத்தில் வெளிச்சம் விழுற மாதிரி நின்னு பேசுங்க. ஜன்னலை முதுகுக்குப் பின்னால் வெச்சா முகம் இருட்டாத் தெரியும். கத்தினா உதட்டோட வடிவம் கெடும். ப, ம ரெண்டும் உதட்டில் ஒரே மாதிரிதான். பாடு, மாடு கண்ணுக்கு ஒண்ணு. அதனால் புரியலேன்னா அதே வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொல்லாம, வாக்கியத்தை மாத்துங்க. ‘மாடு’ புரியலேன்னா ‘பால் கறக்கிற மாடு வந்துச்சு’ன்னா புரிஞ்சுடும். ‘ஒண்ணுமில்ல விடு’ங்கிற பதிலை மட்டும் யாரும் சொல்லக் கூடாது. அவரை வீட்டுப் பேச்சிலிருந்து வெளியே தள்ளுறது அந்த ஒரு வார்த்தைதான்.

பாலக்கோடு_தக்காளி
ரொம்ப நன்றிங்க. முதல் சோதனையில் விசில் நிக்கல. ரெண்டாவதில் நின்னுடுச்சு. வெயிலில் ட்யூபை வளைச்சுப் பாத்தா மஞ்சளா, விறைப்பா இருக்கு, ஹூக்குல சொருகுற இடத்தில் முடி மாதிரி ஒரு கோடு. ஃபெவிக்விக் வெச்சு அடைக்கலாமா? பட்டன் அழுத்தினதும் மோட்டார் இரைச்சல் போயிடுச்சு.

கிருஷ்ணகிரி_ஒலி
பசை வேண்டவே வேண்டாம். உள்ளே வழிஞ்சு ஓட்டையையே அடைச்சுடும், அப்புறம் மோல்டும் போச்சு. ட்யூப் காது வேர்வையில் விறைக்கிறது இயல்பு; மூணுலேர்ந்து ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மாத்தணும். ரெண்டு வருஷம் ஓடினதே அதிகம். ‘13 நம்பர், கனமான சுவர்’னு கேளுங்க. மெல்லிய ட்யூப் போட்டா, அப்பாவுக்குத் தேவையான சத்தத்துக்குச் சுவர் வழியாவே கசியும். நீளத்தை அவர் காதில் வெச்சு வெட்டச் சொல்லணும்: நீளமானா மெஷின் காதை விட்டுத் தொங்கும், குட்டையானா மோல்டை மேலே இழுத்துடும்.

மாத்தின பிறகும் மெல்லும்போது விசில் வந்தா மோல்டு தளர்ந்துடுச்சுன்னு அர்த்தம். வயசில் உடம்பு இளைச்சா காதுக்குழியும் மாறும். புது அச்சு எடுங்க. அதுக்கு முன்னாடி தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை காது-மூக்கு-தொண்டைப் பிரிவில் குரும்பி இருக்கான்னு பாத்துடுங்க. பட்ஸ், ஊக்கு போட்டுக் குடைஞ்சா உள்ளேதான் தள்ளும்.

ஒசூர்_குமார்
ரெண்டு காதிலும் 70 டெசிபலுக்கு மேல இருக்கறதால் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அப்பா ‘காது கேளாதவர்’ வகையில் வருவார். யு.டி.ஐ.டி. அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை) இல்லேன்னா முதல்ல அதை எடுங்க. அட்டை, ஆடியோகிராமோட கலெக்டர் ஆபீஸில் இருக்கிற மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இடது காதுக்கு இலவச மெஷினுக்கு மனு கொடுங்க. ரெண்டு காதிலும் மெஷின் இருந்தா சத்தம் எந்தப் பக்கமிருந்து வருதுன்னு பிடிக்கலாம். ரோட்டைக் கடக்கும்போது அது முக்கியம்.

போனில் கூகுளோட லைவ் டிரான்ஸ்க்ரைப் போடுங்க. பேசப் பேசத் தமிழில் எழுத்தா வரும். பேசுறவர் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் பிடிச்சாத்தான் சரியா வரும். பேங்க், டாக்டர் ரூம் மாதிரி அமைதியான இடத்துக்கு நல்லது. ஏலத்தில் நாலு பேர் ஒண்ணாக் கத்தும்போது நம்பாதீங்க.

பாலக்கோடு_தக்காளி
மோல்டைத் தண்ணியில் கழுவலாமா? புது ட்யூப் போட்டதும் சரியா கேக்குதான்னு எப்படிப் பாக்கிறது?

அரூர்_சிறப்பாசிரியர்
மெஷினை உருவிட்டு, மோல்டையும் ட்யூபையும் மட்டும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணியில் கழுவலாம். ஸ்பிரிட், சானிடைசர் கூடாது. உள்ளே ஒரு சொட்டு நின்னாலும் சத்தம் அடைக்கும். ரப்பர் பம்பால் ஊதி, ராத்திரி முழுக்க காய விடுங்க. மெஷினைத் துணியால் துடைச்சு, செல்லை எடுத்துட்டு, சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வைங்க. நீல ஜெல் இளஞ்சிவப்பானா ஈரம் குடிச்சுடுச்சுன்னு அர்த்தம், மாத்துங்க.

சோதிக்க ஆறு ஒலி: ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ். மூணடி தூரத்தில் நின்னு, வாயைக் கையால் தொடாம ஒரு காகிதத்தால் மறைச்சு, வரிசை மாத்தி, சாதாரணக் குரலில் ஒண்ணொண்ணாச் சொல்லுங்க. அவர் திருப்பிச் சொல்லட்டும். நடுநடுவே சும்மா இருங்க, இல்லேன்னா யூகத்திலேயே பதில் வரும். ம், ஊ கேக்கலேன்னா தாழ்ந்த ஒலி போகல. ஷ், ஸ் மட்டும் விட்டுப்போச்சுன்னா உயர்ந்த ஒலி பத்தல. எது எது விட்டுப்போச்சுன்னு எழுதி ஆடியாலஜிஸ்டிடம் காட்டுங்க. ‘சரியா கேக்கல’ன்னு பொதுவாச் சொல்றதை விட, அந்தச் சீட்டை வெச்சு அவங்க மெஷினை அமைக்கிறது சுலபம்.