சிப்ஸ் கவரை எடுத்துக்கொள்பவர்கள் யாராவது இருக்கிறார்களா?

வணக்கம். சென்னை பெரம்பூரில் இருக்கிறேன். வீட்டுக் குப்பையைப் பிரித்து வைக்கத் தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. பேப்பர், பாட்டில், கழுவிக் காயவைத்த பால் கவர் எல்லாவற்றையும் பழைய பேப்பர்க்காரர் எடைபோட்டு வாங்கிக்கொள்கிறார். சிப்ஸ், பிஸ்கட் கவர், ஷாம்பு சாஷே மட்டும் வேண்டவே வேண்டாம் என்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. பால் கவர் முழுக்கப் பாலித்தீன், உருக்கி மறுபடி பயன்படுத்தலாம். சிப்ஸ் கவரின் உட்புறத்தைப் பாருங்கள், வெள்ளி மாதிரி மின்னும். அந்த அலுமினியப் பூச்சும் பிளாஸ்டிக் அடுக்குகளும் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் பிரித்தெடுப்பது ரொம்பக் கஷ்டம்.

பால்கனியில் இரண்டு அரிசிச் சாக்கு நிறைந்துவிட்டது. கொடுங்கையூர் குப்பை மேட்டுக்கு அனுப்ப மனசு வரவில்லை. சிமெண்ட் ஆலைச் சூளைக்கு எரிபொருளாக இவற்றைச் சேகரிப்பவர்கள் இந்தப் பக்கம் இருக்கிறார்களா? எத்தனை கிலோ சேர்ந்தால் எடுப்பார்கள்? அப்புறம், எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவித்தான் தர வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.