புதுப்பிப்பு: முகட்டு நடை போய் வந்தாச்சு

"புதிதாக நடப்பவர்களோடு 8 கி.மீ. மலைமுகட்டுப் பாதை, எவ்வளவு நேரம் பிடிக்கும்?" என்று போன வாரம் கேட்டிருந்தேனே, ஒன்பது பேரும் பத்திரமாகத் திரும்பிவிட்டோம். நேஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் சொன்ன நடைநேரக் கணக்குப்படி (5 கி.மீ.க்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி) எங்கள் 300 மீட்டர் ஏற்றத்தையும் சேர்த்தால் இரண்டு மணி சொச்சம்தான். ஆனது மூன்றரை! அந்தக் கணக்கில் போட்டோ எடுக்கும் நேரம் கிடையாது.

மெதுவாக நடப்பவரை முன்னால் விடச் சொன்னீர்கள். கூட்டம் சிதறவே இல்லை. நான் அலட்சியம் செய்தது காற்றைத்தான். ஏறும்போது வியர்த்துக் கொட்டியது, முகட்டில் கால் வைத்ததும் ஈரச் சட்டையோடு வெடவெடவென்று நடுங்கினேன். ஒதுங்க ஒரு மரம்கூட இல்லை. ஜாக்கெட்டை வண்டியிலேயே விட்டுவிட்டு வந்த புத்திசாலி நான்தான். முழங்கால் வலி வந்தது இறக்கத்தில். கைத்தடி இரவல் தந்த நண்பருக்கு நன்றி.