அப்பாவின் பெட்போட் லொறி: எதைக் கழற்றுவது, எதை விடுவது?

கோண்டாவிலில் இருந்து

அப்பாவின் பெட்போட் லொறியைப் பதினொரு மாதமாகத் திருத்திக்கொண்டு வாறன். 1964 ஆம் ஆண்டு வண்டி, மூக்கு நீண்ட ஜே வகை, 300 கன அங்குல ஆறு சிலிண்டர் பெற்றோல் எஞ்சின். அப்பா போனபிறகு எட்டு வருஷம் வேப்பமரத்துக்குக் கீழே நின்றது. பழைய இரும்பு வாங்க வந்தவர் கிலோக் கணக்கில் விலை சொன்னார். அம்மா உள்ளுக்குள் இருந்தே, "அது நிக்கிற இடத்தில நிக்கட்டும்" எண்டா. அவர் பிறகு வரவில்லை.

எஞ்சின் இறுகிப்போய்க் கிடந்தது. பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் டீசலும் ஒயிலும் கலந்து ஊற்றி ஊறவிட்டோம். ஒவ்வொரு விடியற்காலையும் எஞ்சினைக் கையால் சுற்றுகிற ஹான்டிலைப் போட்டு மெல்ல அசைத்துப் பார்ப்பேன். பெருவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து வைத்துத்தான் பிடிக்கவேண்டும். எஞ்சின் திருப்பி உதைத்தால் பெருவிரல் போய்விடும். அப்பா எனக்குப் பத்து வயதில் சொல்லித்தந்தது. பதினோராம் நாள் கால்வாசிச் சுற்று வந்தது. அன்று கராச்சில் நின்ற எல்லோருக்கும் சோடா வாங்கிக் கொடுத்தேன்.

பிறேக் குழாய்கள், வயர்கள், றேடியேற்றர் ஹோஸ் எல்லாம் யோசிக்காமல் மாற்றினேன். சாமான் ஏற்றுகிற தட்டுக்கு முதிரைப் பலகை போட்டாயிற்று. சில சாமான்களைப் பாகிஸ்தானில் இருந்து எடுப்பித்தேன். அங்கே இன்னும் பெட்போட் ஓடுகிறது.

நான் நின்று யோசித்தது ஒரே ஒரு இடத்தில்தான். கபினுக்குப் பின்னால் ஒரு சின்னத் தகரத் தாங்கி. அதிலிருந்து ஒரு செப்புக் குழாய் வந்து, எஞ்சின் புகை போகிற சூடான மனிபோல்டைச் சுற்றி, எரிபொருளையும் காற்றையும் கலக்கிற காபரேற்றருக்குப் போகிறது. 1990 இல் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் போத்தல் கணக்கில் விற்கத் தொடங்கியபோது அப்பா பூட்டியது. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. சேலைன் போத்தலில் இருந்து நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறியபிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். அப்படியும் எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரால் வழிந்து ஒயிலோடு கலந்துவிடும். மற்றவர்கள் குச்சியை இழுத்து ஒயில் குறைந்துவிட்டதா என்று பார்ப்பார்கள். அப்பா கூடிவிட்டதா என்று பார்ப்பார். கூடினால் ஒயில் தண்ணியாகிவிட்டது, பெயறிங் போகும்.

கராச் அண்ணை சொன்னார்: "தம்பி, இதைக் கழட்டுவம். கொம்பனியால வந்தமாதிரி இருந்தாத்தான் வடிவு." நல்ல மெக்கானிக், அவர் சொன்னதில் நியாயம் இருக்கு. ஆனால் எனக்கு மனம் வரவில்லை. இங்கிலாந்தில், டன்ஸ்டபிள் தொழிற்சாலையில் செய்த லொறி அது, உண்மைதான். எங்கள் வீட்டில் உலை கொதித்தது அந்தத் தாங்கி பூட்டிய லொறியால். தாங்கி இருக்கும், உட்புறத் துருவை மட்டும் எடுத்தேன்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. ஆசனத்துக்குக் கீழே பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மாற்றுகிற, இடம் வலமாகத் திருப்புகிற பித்தளைப் பைப் இருக்கிறது. அதன் உடம்பில் அரத்தால் வெட்டிய கீறுகள்: இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் இரண்டு. ஆருக்கும் தெரியுமோ?

கனடா, ஸ்காபரோவில் இருந்து

கீறு பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் மண்ணெண்ணெய்ப் புகை மணம் வாசிக்கும்போதே வந்துவிட்டது.

1995 ஒக்ரோபர் 30, எனக்கு ஒன்பது வயது. சண்டைக்குப் பயந்து வலிகாமத்துச் சனம் முழுக்க, யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்த இரவு. ஆச்சிக்கு நடக்க ஏலாது என்று ஒரு லொறிக்காரர் எங்கள் இரண்டு பேரையும் தட்டில் ஏற்றினார். நெல்லு மூட்டை, கோழிக்கூடு, யாரோவின் தையல் மெசின், அதற்கு மேல் நாங்கள். சனத்துக்கு நடுவில் லொறி நடையை விட மெதுவாகப் போக, றேடியேற்றர் கொதித்துவிட்டது. சாரதி இறங்கி ஒன்றும் பேசாமல் பொனற்றைத் திறந்துகொண்டு நின்றார். பக்கத்தில் நடந்துகொண்டிருந்த ஒரு அம்மா, இடுப்பில் இருந்த குடத்தை அவரிடம் நீட்டினா. குடிக்க வைத்திருந்த தண்ணி. அவவின் ஒரு சாமானும் அந்த லொறியில் இல்லை.

அந்த லொறியும் மூக்கு நீண்டதுதான். பெட்போட்டோ தெரியாது. உங்கள் படத்தை ஆச்சிக்குக் காட்ட ஆச்சி இப்போது இல்லை.

சுன்னாகத்தில் இருந்து

தம்பி, நான் முப்பத்தாறு வருஷம் லொறி ஓடினனான். என்னுடையது டீசல். அதற்கும் மண்ணெண்ணெய்தான், ஆனால் கொஞ்சம் ஒயில் கலக்காவிட்டால் பம்ப் தேய்ந்துபோகும்.

உங்கட அப்பாவின் கீறு கைக்கு, கண்ணுக்கு இல்லை. அந்த நாளில் இரவில் லைற் போட்டு ஓடுவதில்லை. மேலே ஹெலி வரும், பொம்பர் வரும். கபினுக்குள் நெருப்புக்குச்சியும் தட்டமாட்டோம். நிறுத்த முன்னம் பெற்றோலுக்கு மாற்றி, காபரேற்றரில் பெற்றோல் நிற்கிறமாதிரி ஓடித்தான் ஓஃப் பண்ணவேணும். இல்லாவிட்டால் குளிர்ந்தபிறகு ஸ்ராட் வராது. அவசரத்துக்கு உயிர் போகிற காரியம். ஒரு கீறு பெற்றோல், இரண்டு மண்ணெண்ணெய். விரலால் தடவித் திருப்புவது. தெரிந்த நாலைந்து பேர் அப்படி வெட்டி வைத்திருந்தோம்.

இன்னொன்று. பழைய ரிம்மில் இரும்பு வளையம் வைத்துப் பூட்டியிருந்தால் கவனம். ரயருக்குக் காற்றடிக்கும்போது சங்கிலி சுற்றிக் கட்டு, முன்னுக்கு நிற்காதே. வளையம் கழன்று பறந்தால் ஆளைக் கொல்லும். பிறேக் தூசியையும் காற்றடித்து ஊதாதே, பழைய லைனிங்கில் கல்நார் (அஸ்பெஸ்ரஸ்) இருக்கும், மூச்சோடு உள்ளே போனால் கூடாது.

கோண்டாவிலில் இருந்து

ஐயா, நன்றி. எல்லா ரிம்மும் வளையம் வைத்ததுதான். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவாறன், நீங்கள் ஒருக்கால் பார்க்கவேணும்.

நேற்று இரவு லைற்றை நிற்பாட்டிவிட்டு ஆசனத்தில் ஏறி இருந்தேன். கையைக் கீழே விட்டுத் தடவினேன். ஒன்று. பிறகு, இரண்டு. தேடத் தேவையே இருக்கவில்லை, கை நேராக அதில்தான் போய் நின்றது.