லங்காஸ்டரில் ஆராய்ச்சி முதுகலை: கடன் வாங்கிப் போகலாமா?

கிடங்குத்தம்பி:
வணக்கம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கிடங்கில் ஆறு வருஷமாக வேலை. போன வருஷம் எல்லோர் கையிலும் ஸ்கேனர் மாட்டினார்கள். யார் எந்த அடுக்கில் எதை எடுக்கணும், எத்தனை விநாடியில் எடுக்கணும் என்பதை இப்போது அதுதான் சொல்கிறது. எங்களோடு இடுப்பு வலி உள்ள ஓர் அக்கா இருக்கிறார். கனமான பெட்டியை எடுக்கும் முறை அவருக்கு வந்தால் பக்கத்துப் பையன் அவருடைய ஸ்கேனரை வாங்கி மாட்டிக்கொண்டு, பெட்டியை எடுத்து வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பான். மாதக் கடைசி அறிக்கையில் அக்காவின் வேகம் பிரமாதம் என்று வரும்.

இந்த மாதிரி விஷயத்தை முறையாகப் படிக்க ஆசை. இங்கிலாந்தில் லங்காஸ்டர் பல்கலையின் மேலாண்மைப் பள்ளியில் அமைப்பு, வேலை, தொழில்நுட்பம் என்றே ஒரு துறை. அங்கே ஆராய்ச்சி முதுகலைக்கு விண்ணப்பிக்கலாமா? வகுப்பு குறைவு, ஆய்வேடுதான் பிரதானம். மனைவியும் மூன்று வயது மகளும் இருக்கிறார்கள். கடன் வாங்கித்தான் போகணும்.

பாவுநூல்:
வேண்டாம் தம்பி. மில்லில் 22 வருஷம் இருந்தவன் சொல்கிறேன். இந்தப் படிப்பின் பேரைக் கேட்டு எந்தக் கம்பெனி வேலை கொடுக்கும்? கடன் வாங்குகிறவன் எம்பிஏ படிக்கணும், இல்லை சப்ளை செயின் படிக்கணும். நீ எழுதியிருப்பது தளத்தில் நிற்கிற எந்த மேஸ்திரிக்கும் தெரியும். அதற்கு லங்காஸ்டர் எதற்கு?

தேன்மொழி:
பாவுநூல் அண்ணா, மேஸ்திரிக்குத் தெரியும், சரி. ஆனால் மேஸ்திரி சொன்னால் மேலே யார் கேட்கிறார்கள்? இங்கிலாந்தில் கென் பாம்ஃபோர்த் என்பவர் சுரங்கத்துக்குள் 18 வருஷம் நிலக்கரி வெட்டியவர். பிறகு எரிக் டிரிஸ்ட் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து 1951இல் ஒரு கட்டுரை எழுதினார். இயந்திரம் வருவதற்கு முன் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வெட்டுவது, அள்ளுவது, முட்டுக் கொடுப்பது எல்லாவற்றையும் தாங்களே செய்தார்கள். இயந்திரம் வந்ததும் சுமார் 40 பேரை மூன்று ஷிப்டாகப் பிரித்தார்கள். வெட்டுவது ஒரு ஷிப்ட், கன்வேயரை நகர்த்துவது ஒரு ஷிப்ட், அள்ளுவது ஒரு ஷிப்ட். முதல் ஷிப்டில் சரியாக வெட்டாவிட்டால் அந்தக் கஷ்டம் கடைசியில் அள்ளுகிறவன் தலையில் விழும். வெட்டினவன் முகத்தை அவன் பார்த்தே இருக்க மாட்டான். எதிர்பார்த்த உற்பத்தி வரவில்லை, ஆட்கள் வேலைக்கு வராமல் நின்றார்கள். கோளாறு இயந்திரத்தில் இல்லை, ஷிப்டுக்கும் ஷிப்டுக்கும் நடுவில் இருந்தது என்று அந்தக் கட்டுரை காட்டியது. 18 வருஷ அனுபவத்தோடு ஆய்வு முறையும் சேர்ந்ததால்தான் அது எழுத்தாக நின்றது.

பாவுநூல்:
நல்ல உதாரணம்தான். ஆனால் அவர்களுக்கு லண்டனில் டாவிஸ்டாக் என்ற ஆய்வு நிலையம் பின்னால் நின்றது. இந்தத் தம்பிக்குப் பின்னால் வங்கிக் கடன்தான் நிற்கும். சரி, கண்டுபிடித்ததை அந்த நாட்டு அரசின் நிலக்கரி வாரியம் எல்லாச் சுரங்கத்துக்கும் கொண்டுபோனதா? இல்லையே.

தேன்மொழி:
உங்கள் தொழிலிலேயே ஒன்று சொல்கிறேன். 1953இல் அதே டாவிஸ்டாக் நிலையத்தின் ஏ. கே. ரைஸ் அகமதாபாத் காலிகோ மில்லுக்குப் போனார். தானியங்கித் தறி போட்டும் துணி எதிர்பார்த்த அளவு இறங்கவில்லை. நெய்பவருக்கு ஒரு கணக்குத் தறி, நூல் நிரப்புபவருக்கு வேறு கணக்கு, அறுந்த பாவு நூலை முடிச்சுப் போடுபவருக்கு இன்னொரு கணக்கு. யார் யாரோடு சேர்ந்து வேலை செய்கிறார் என்றே தெரியாத நிலை. ஒரு குழுவுக்கு இத்தனை தறி என்று பொறுப்பாக விடலாமே என்று பேச்சு வந்ததும், தொழிலாளர்கள் தாங்களே குழு பிரித்துக்கொண்டார்கள். உற்பத்தி ஏறியது, சேதத் துணி குறைந்தது. 1970இல் அதே நிலையத்தின் எரிக் மில்லர் திரும்பப் போய்ப் பார்த்தபோது சில கொட்டகைகளில் அந்த முறை கரைந்திருந்தது, ஒன்றில் நிலைத்திருந்தது. ஏன் ஒன்றில் மட்டும்? அதைக் கேட்கக் கற்றுக்கொடுக்கிற படிப்புதான் இது.

யார்க்‌ஷயர்_வாசி:
நடுவில் ஒரு தகவல். 2024 ஜனவரி 1 முதல் வகுப்புவழி முதுகலைக்கு வருகிறவர்கள் பொதுவாகக் குடும்பத்தை அழைத்துவர முடியாது. ஆராய்ச்சிப் பட்டத்துக்கு முடியும். ஆனால் படிப்பில் ஆராய்ச்சிப் பங்கு வகுப்புப் பங்கைவிடப் பெரிதாக இருக்கணும். பட்டத்தின் பேரைப் பார்த்து நம்பிவிடாதீர்கள். எந்த வகையில் சேர்த்திருக்கிறார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். படிப்பு முடிந்து வேலை தேடும் விசா இரண்டு வருஷம், 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். கடன் கணக்கை அதை வைத்துப் போடுங்கள்.

பாவுநூல்:
தேன்மொழி, அந்த முடிச்சுப் போடுகிற ஆளை நான் தினமும் பார்த்தவன். ஒரே நேரத்தில் நாலு பக்கமிருந்தும் கூப்பிடுவார்கள், எங்கே போனாலும் திட்டு வாங்குவான். படித்ததும் அவன் ஞாபகம் வந்துவிட்டது. ஆனாலும் கடன் விஷயத்தில் நான் மாறவில்லை. உதவித்தொகை கிடைத்தால் போகட்டும், இல்லாவிட்டால் வேண்டாம்.

தம்பி, உன்னிடம் இன்னொன்று கேட்கணும். அந்த அக்கா விஷயத்தை ஆய்வேட்டில் எழுதினால் அவருடைய வேலை என்ன ஆகும்? அந்தப் பையனுடையது?

தேன்மொழி:
நியாயமான கேள்வி. பேர், இடம் எல்லாம் மறைக்கணும், சம்மதம் வாங்கணும், பல்கலையின் நெறிமுறைக் குழு அனுமதிக்கணும். ஆனால் அதே கிடங்கில் இருப்பவர்கள் படித்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பேரை மறைத்தால் மட்டும் போதாது.

கிடங்குத்தம்பி:
நேற்று சாப்பாட்டு நேரத்தில் அக்காவிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "எழுதுப்பா. ஆனா ஸ்கேனர் மாத்திக்கிறத எழுதாத, வலிய எழுது" என்றார். உதவித்தொகைக்கு விண்ணப்பம் போடப்போகிறேன் அண்ணா. கிடைக்காவிட்டால் இந்த வருஷம் போகவில்லை.