சந்தூர்த் தோட்டக் குழு: மாந்தோலும் மண்புழுவும்

ஜூன் 14

காலை 6.10 – சந்தூர்த் தம்பி: அனைவருக்கும் வணக்கம். கூழ் தொழிற்சாலையிலிருந்து ஒரு டிராக்டர் பெங்களூரா மாம்பழத் தோலும் கொட்டையும் வாங்கி வந்து, அதில் பாதியை நேற்று அப்படியே மண்புழுத் தொட்டியில் பரப்பினேன். விடியற்காலையில் பார்த்தால் புழுக்கள் கூட்டங்கூட்டமாகச் சுவரில் ஏறி நிற்கின்றன. கீழே விழுந்தவற்றை எறும்பு இழுத்துப் போகிறது. இனிப்பான கழிவுதானே, ஏன் வெறுக்கின்றன?

காலை 6.25 – பெரியப்பா: குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தாயா? வாடை எப்படி இருக்கிறது?

காலை 6.31 – சந்தூர்த் தம்பி: நன்றாகச் சுடுகிறது, பெரியப்பா. புளித்த கள்ளின் வாடை வருகிறது.

காலை 6.58 – காவேரிப்பட்டணம் அக்கா: அந்த இனிப்புதான் வினை, தம்பி. தோலில் ஒட்டியிருக்கும் சர்க்கரை ஓரிரு நாளில் புளித்து அமிலமாகவும் சாராயமாகவும் மாறுகிறது. நுண்ணுயிர்கள் பெருகும் வேகத்தில் குவியலின் சூடு 50 பாகையைத் தாண்டக்கூடும். தோலாலேயே மூச்சுவிடும் புழுவுக்கு 20 முதல் 30 பாகை வரையிலான வெப்பமும், ஈரமும், காற்றோட்டமும் வேண்டும் என்பதால், அது தப்பி ஓடாமல் வேறு என்ன செய்யும்? முதலில் புதுத் தோலை முழுவதும் வாரி வெளியே போட்டுவிட்டு, பழைய மட்கிய சாணியைத் தொட்டியின் ஒரு மூலையில் வைத்து, ஈரச்சாக்கால் மூடு. பிழைத்தவை அங்கே வந்து சேரும்.

காலை 7.05 – சித்தப்பா: ஒரு கூடை சுண்ணாம்பைத் தூவினால் புளிப்பு அடங்கிவிடுமே?

காலை 7.12 – காவேரிப்பட்டணம் அக்கா: ஒரு கூடை தூவினால் புழுவும் அடங்கிவிடும், சித்தப்பா. முட்டை ஓட்டுத் தூள் இரண்டு கைப்பிடி போதும். அதுவும் புழு இல்லாத குவியலில்தான்.

காலை 7.30 – பெரியப்பா: வாரிய தோலை வீணாக்காதே. தோலுக்குச் சமமாகச் சாணியும், கொஞ்சம் காய்ந்த இலையும் கலந்து, நிழலில் குவித்து, ஐந்து நாளுக்கு ஒருமுறை புரட்டு. மூன்று வாரத்தில் சூடு தணிந்து, மண் வாடை வந்தபின் தொட்டியில் போடு. ஆனால் கொட்டையை முன்கூட்டியே பொறுக்கி எடுத்துவிட வேண்டும். அதன் ஓடு மட்க நெடுங்காலம் ஆகும், விட்டால் தொட்டிக்குள்ளேயே மாங்கன்று முளைத்து நிற்கும்!

காலை 7.41 – பர்கூர் அத்தை: எங்கள் வீட்டு மாங்காய் ஊறுகாய் மிச்சத்தையும் அதில் சேர்க்கலாமா?

காலை 7.44 – காவேரிப்பட்டணம் அக்கா: வேண்டாம், அத்தை. உப்பும் எண்ணெயும் புழுவுக்கு எமன்.

ஜூலை 8

மாலை 5.20 – சந்தூர்த் தம்பி: குவியல் ஆறிவிட்டது, கைப்பிடியளவு எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டுமே கசிகிறது. சோதனைக்காக இருபது புழுக்களை ஒரு பழைய வாளியில் விட்டேன். ஒரு நாள் கழித்துப் பார்த்தபோது அனைத்தும் அடியில் புதைந்து கிடந்தன. நாளை தொட்டியை நிரப்புகிறேன். எறும்புக்காகத் தொட்டியைச் சுற்றி வாய்க்கால் கட்டி நீர் நிறுத்தியிருக்கிறேன்.

மாலை 5.36 – பெரியப்பா: ஒரு முழ உயரத்துக்கு மேல் நிரப்பாதே, அடியில் காற்று போகாது. பொறுக்கிய கொட்டையை என்ன செய்தாய்?

மாலை 5.40 – சந்தூர்த் தம்பி: நான்கு மூட்டை களத்தில் காய்கிறது, பெரியப்பா. அடுப்பெரிக்க வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம்.