ஆங்கில அறிக்கையில் வினைகளின் காலம்: உதவி தேவை

மாட்டுங்காவாசி:
வணக்கம். பிவண்டிக் கிடங்கைப் பற்றி நான் எழுதிய ஆங்கில அறிக்கையை, காலங்கள் கலந்து கிடக்கின்றன என்று சொல்லி மேலாளர் திருப்பிவிட்டார். மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். எல்லா வினைகளையும் இறந்தகாலத்துக்கு மாற்றிவிட்டால் போதுமா?

செம்பூர்த் தமிழன்:
வாக்கியங்களைக் காட்டாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? நடந்து முடிந்த நிகழ்வை எழுதினீர்களா, கிடங்கின் வழக்கமான நடைமுறையையா?

இலக்கணப்பித்தன்:
இதையெல்லாம் எட்டாம் வகுப்பிலேயே கற்றிருக்க வேண்டும். தலைமை வினை இறந்தகாலத்தில் இருந்தால் அதைச் சார்ந்து வருவதும் இறந்தகாலமே. இதற்குமேல் பேச ஒன்றுமில்லை.

மாட்டுங்காவாசி:
வாக்கியங்கள் இவை: ‘தி டிரைவர் கேம் டு தி கேட், ஷோஸ் தி பில் அண்ட் லெஃப்ட். ஹி செட் தட் தி லாக் இஸ் புரோக்கன். தி கேட் குளோசஸ் அட் டென்.’

முலுண்டு வாசகி:
முதல் வாக்கியத்தின் சிக்கல் நம் தமிழ்ப் பழக்கத்தில் இருக்கிறது என்பது என் நெடுநாள் கருத்து. ‘வந்து, காட்டி, சென்றார்’ என்று எழுதும்போது காலத்தைச் சுமப்பது கடைசி வினை மட்டுமே; அதே எச்சங்களை வைத்துக்கொண்டு ‘செல்வார்’ என்றும் முடிக்கலாம். ஆங்கிலத்தில் இப்படிக் கோத்துவரும் ஒவ்வொரு வினையும் தன் காலத்தைத் தானே காட்ட வேண்டியிருப்பதால், ‘ஷோஸ்’ என்பது ‘ஷோவ்டு’ ஆக வேண்டும். மூன்றாவதைத் தொடாதீர்கள், பத்து மணிக்கு அடைப்பது இன்றும் தொடரும் நடைமுறை எனில் நிகழ்காலமே சரி.

இலக்கணப்பித்தன்:
இரண்டாவதை வசதியாக விட்டுவிட்டீர்கள். ‘செட்’ என்றபின் ‘இஸ்’ வரவே கூடாது.

செம்பூர்த் தமிழன்:
அப்படியானால் ‘ஹி செட் தட் மும்பை இஸ் எ போர்ட்’ என்பதும் பிழையா, ஐயா? சொல்லப்பட்டது இன்னும் மெய்யாக இருந்தால் நிகழ்காலத்தை வைத்துக்கொள்ள ஆங்கிலம் இடம் தருகிறது. பூட்டு இன்னும் உடைந்தே கிடக்கிறதா?

இலக்கணப்பித்தன்:
செய்தித்தாள் நடையை இலக்கணம் என்று நினைப்பவர்களோடு வாதிட முடியாது. ‘வாஸ்’ என்று எழுதினால் எவரும் குறைசொல்ல மாட்டார்கள்.

முலுண்டு வாசகி:
குறைசொல்ல மாட்டார்கள்தான், ஆனால் பூட்டை இன்னும் மாற்றாமல் இருந்தால், ‘வாஸ்’ என்று படிக்கும் மேலாளர் அது சரியாகிவிட்டதோ என்று எண்ணக்கூடும். தமிழில் ‘உடைந்திருக்கிறது என்றார்’ என்று ஓட்டுநர் சொன்னபடியே வைத்துவிடலாம் என்பதால் நமக்கு இந்தத் தொல்லை பழக்கமில்லை.

மாட்டுங்காவாசி:
பூட்டை மறுநாளே மாற்றிவிட்டார்கள். ‘ஷோவ்டு’, ‘வாஸ்’ என்று திருத்தி அனுப்பிவிட்டேன். நன்றி.

செம்பூர்த் தமிழன்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். மூன்றாவது வாக்கியத்தை அப்படியே விட்டீர்கள்தானே?